ரேமி முகட்டில் ஒன்றுமில்லை

சவர்வுட் ஓடைப் பக்கம் வழி கேட்டால் பாதிப் பேர் கையை நீட்டிக் காட்டுவார்கள். மீதிப் பேர், "ஹோபர்ட் ரேமியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். கிழக்குக் கென்டக்கி மலைகளுக்குள் பதினோரு மைல் வளைந்து ஓடுகிற அந்த ஓடையில் எத்தனை கிளை வந்து விழுகிறது, மழை நாளில் எந்தக் கணவாய் வழியாகப் போனால் கோவேறு கழுதைக்குக் கால் வழுக்காது, யாருடைய வேலி யாருடைய நிலத்துக்குள் நாலடி நுழைந்திருக்கிறது என்பதெல்லாம் ஹோபர்ட்டுக்கு அத்துப்படி. ஜின்செங் என்கிற மருந்து வேரைத் தோண்டியும் அணில் சுட்டும் சிறுவயதிலேயே மலை முழுக்கச் சுற்றிய மனிதர். பதினெட்டு வயதில் சுரங்கத்துக்குள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நேராக வீடு வரமாட்டார். ஒரு முகட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

1953ஆம் வருடம் அவருக்கு முப்பத்து நாலு வயது. அந்த ஜூலையில் அவருடைய மகள் நெவா வயிற்றுக்கடுப்பு வந்து செத்துப்போனாள். நாலு வயதுக் குழந்தை. ஐந்து நாள் கிடந்தாள். ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்ததால் டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரேமிகளின் வழக்கப்படி வீட்டுக்குப் பின்னாலிருந்த முகட்டின் உச்சியில், சீடர் மரங்களுக்கு நடுவே, ஹோபர்ட்டின் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பக்கத்தில் அவளைப் புதைத்தார்கள். பெட்டியைச் செய்தவரும் ஹோபர்ட்தான், மேலே தூக்கிப்போனவரும் அவர்தான். எழுத்து வெட்டிய கல்லுக்கெல்லாம் அப்போது வழியில்லை. ஓடையிலிருந்து வழவழப்பான ஒரு கல்லை எடுத்துத் தலைமாட்டில் நட்டார்கள்.

அடுத்த மாதமே சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள். ஹோபர்ட்டின் பெயரும் பட்டியலில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெர்டி, அவர் மனைவி, பீன்ஸ் உரித்துக்கொண்டிருப்பாள். இவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். அப்போதுதான் செப்டம்பர் முதல் வாரத்தில் ஹெல்மர் என்ற மனிதர் அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஹெல்மர் விஸ்கான்சின்காரர். நிலவரைபடம் போடுகிற இலாகாவைச் சேர்ந்தவர். மலை, பள்ளம், ஓடை, வீடு, தேவாலயம் எல்லாவற்றையும் உயரக் கோடுகளோடு ஒரே தாளில் காட்டுகிற படம் அது. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனால் படத்தில் ஓடை தெரியுமே தவிர, ஓடையின் பெயர் தெரியாது. அதற்கு ஊர்க்காரர் ஒருவர் கூட நடக்க வேண்டும். கடைக்காரர் வழக்கம்போல ஹோபர்ட்டைக் கைகாட்டினார்.

முதல் நாளே ஹெல்மர் இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் முளைத்த இரட்டைப் பூதக்கண்ணாடி ஒன்றை அவற்றின்மேல் நிறுத்தி, "குனிஞ்சு பாருங்க" என்றார். ஹோபர்ட் குனிந்தார். தட்டையாகக் கிடந்த தாளிலிருந்து மலைகள் திடீரென்று எழுந்து நின்றன.

"அட, அது நம்ம வீடு. கூரையில போன வருசம் நான் அடிச்ச புதுத் தகரம் பளபளன்னு தெரியுது பாருங்க சார்."

"சார் வேண்டாங்க. ஹெல்மர்னே கூப்பிடுங்க."

"சரி சார்" என்றார் ஹோபர்ட், கண்ணை எடுக்காமல்.

மூன்று வாரம் நடந்தார்கள். ஹோபர்ட் சொல்லச் சொல்ல ஹெல்மர் புகைப்படத்தின் மேலேயே பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார். சந்தேகமானதைப் படத்தின் பின்பக்கம் எழுதுவார். ஒரு கிளை ஓடை மட்டும் ஹோபர்ட்டுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. கந்தக ஊற்று அதில் கலப்பதால் ஊரில் எல்லோரும் அதைக் குசு ஓடை என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரரிடம், அதுவும் அரசாங்க ஆளிடம், அதை எப்படிச் சொல்வது? "இனிப்பு ஓடைங்க" என்றார். ஹெல்மர் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதிக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டு ஹோபர்ட்டின் அக்கா ஓமா வயிறு வலிக்கச் சிரித்தாள். "அடப்பாவி, சர்க்காருக்கே காது குத்திட்டியேடா. நாளைக்கி எவனாவது படத்தப் பாத்துட்டுக் குடிக்க வந்து வாய வைக்கப்போறான்." நெவா போனதிலிருந்து ஹோபர்ட் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் வாரக் கடைசியில் அவருடைய வீட்டுக்குப் பின்னாலிருந்த முகடு மட்டும் மிச்சமிருந்தது. இருவரும் அடிவாரத்தில் நின்றார்கள். ஹெல்மர் அண்ணாந்து பார்த்தார்.

"இது பேரு?"

"ரேமி முகடு."

"உங்க குடும்பப் பேரா? நல்லது." எழுதிக்கொண்டார். பிறகு புகைப்படத்தில் ஒரு கறுப்புப் புள்ளிமேல் பென்சிலை வைத்தார். "உச்சியில ஒரு மரக்கூட்டம் தெரியுது. சீடர் மரம் மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் சீடர் மரம் கூட்டமா இருந்தா பெரும்பாலும் கல்லறையாத்தான் இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

ஹோபர்ட் மேலே பார்த்தார். பாதையில் எந்த இடத்தில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார் என்பது அங்கிருந்தே தெரிந்தது. ஏறினால் அந்த மண் இன்னும் அமுங்கியிருக்காது. அந்நிய மனிதர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, "இதில் எத்தனை குழி?" என்று கேட்பார்.

"மேல ஒண்ணுமில்லீங்க" என்றார். "வெறும் மரந்தான்."

"நிச்சயமா?"

"நான் இங்கயே பொறந்து வளந்தவன்."

ஹெல்மர் புகைப்படத்தைத் திருப்பி என்னவோ எழுதினார். மறுநாள் ஜீப்பில் ஏறுமுன் கையைக் குலுக்கி, "நீங்க இல்லன்னா இந்த வேலை ஆறு மாசம் இழுத்திருக்கும்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அச்சடித்த படம் ஒரு அட்டைக் குழாயில் தபாலில் வந்தது. வெர்டி அதை மேசைமேல் விரித்து, நாலு மூலையிலும் தட்டுகளை வைத்தாள். அவர்கள் வீடு ஒரு சின்னக் கறுப்புச் சதுரமாக இருந்தது. தேவாலயத்துக்குச் சிலுவை, பள்ளிக்கூடத்துக்குக் கொடி. பிரவுன் நிறக் கோடுகள் நெருக்கி நெருக்கி ரேமி முகட்டின் உச்சிவரை ஏறின. வெர்டியின் விரலும் அவற்றோடு ஏறி உச்சியில் நின்றது.

"கோம்ப்ஸ் வீட்டுக் கல்லறையப் போட்டிருக்காங்க. பாதிரியார் வீட்டுது இருக்கு. நம்மது ஏன் இல்ல?"

"சின்னதா இருந்தா போட மாட்டாங்களாம்."

"கோம்ப்சுக்கு அஞ்சே அஞ்சு குழிதான். நமக்குப் பதினாலு."

"எனக்கென்ன தெரியும் வெர்டி. அந்தாளு போட்ட படம்."

அவள் மூலைகளிலிருந்த தட்டுகளை எடுத்தாள். படத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டாள்.

ஹோபர்ட்டுக்கு மறுபடி வேலை கிடைத்தது. வேறு சுரங்கம். முப்பத்தொன்பது வயதில் கூரைக்கல் விழுந்து முதுகில் அடிபட்டது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் அதே முதுகை வைத்துக்கொண்டு நிலக்கரி வெட்டினார். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து ஓஹையோவுக்கு வேலைக்குப் போனார்கள். ஊரில் நல்ல பெயர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குழி வெட்ட முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் சொந்த முகட்டுக்கு மட்டும் ஏறமாட்டார். மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் வெர்டி, குளிர்காலம் முழுக்கக் காகிதத்தில் செய்து மெழுகில் முக்கி வைத்த பூக்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு புறப்படுவாள். ஹோபர்ட் பாதிவழி கூட வருவார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிடுவார். அடிபடுவதற்கு முந்தைய வருடங்களில் என்ன காரணம் சொன்னார் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

இதற்கிடையில் முகட்டின் மேல்நிலம் கைமாறியது. அது ஹோபர்ட்டின் சித்தப்பா பங்கு. அவருடைய பிள்ளைகள் டெட்ராய்ட்டில் இருந்துகொண்டே விற்றுவிட்டார்கள். அடியிலிருந்த நிலக்கரியின் உரிமையைத் தாத்தா காலத்திலேயே ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. 1971இல் மரம் வெட்டுகிறவர்கள் புல்டோசரை ஏற்றி உச்சிவரை பாதை போட்டார்கள். சீடர் மரங்களைச் சாய்த்தார்கள். நட்ட கற்கள் சில புரண்டன, சில சரிவில் உருண்டன. வெர்டி ஒருத்தியாகவே போய் முடிந்தவரை தூக்கி நிறுத்திவிட்டு வந்தாள். எது யாருடையது என்பது அவள் நினைவில்தான் இருந்தது.

1984 இலையுதிர் காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு நிலக்கரிக் கம்பெனி ரேமி முகட்டை மேலிருந்து வெடிவைத்து இறக்கி நிலக்கரி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபணை இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்று. கூடவே ஒரு வரைபடமும் அச்சாகியிருந்தது. ஹெல்மர் போட்ட அதே படம். ரேமி முகட்டைச் சுற்றித் தடித்த ஒரு கோடு ஓடியது.

ஓமாதான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். "கல்லறைக்கி நூறடிக்குள்ள தோண்டக்கூடாதுன்னு சட்டம் இருக்காம்டா. ரேடியோவுல சொன்னான். போயி எழுதிக் குடுத்துட்டு வா."

ஹோபர்ட் மறுநாளே மாவட்டத் தலைநகருக்குப் போனார். சுரங்க அனுமதி அலுவலகத்தில் டன்லவி என்ற பெண் அதிகாரி இருந்தாள். முப்பது வயதிருக்கும். இவருக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அகலமான இழுப்பறையைத் திறந்து மூன்று படங்களை எடுத்து விரித்தாள்.

"இது 1915ல போட்டது. இதுல கல்லறை எதையுமே குறிக்கல, அத விட்டுடுவோம். இது 1955. இது அதையே எழுபத்தாறுல திருத்தினது. புதுசா வந்ததையெல்லாம் ஊதா மையில போட்டிருக்காங்க. ரெண்டுலயும் உங்க முகட்டுல ஒண்ணும் இல்லையே மிஸ்டர் ரேமி."

"இருக்கும்மா. பதினாலு பேர் இருக்காங்க."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. பக்கத்து முகட்டுல அஞ்சு குழிக்கே குறி போட்டிருக்காங்க, பாருங்க. இவ்வளவு நுணுக்கமா போட்டவங்க இத மட்டும் எப்படி விட்டாங்கன்னு கம்பெனிக்காரங்க கேப்பாங்க."

ஹோபர்ட் காபியைக் குடித்தார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நேர்ல வந்து பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வந்தாள். கம்பெனி ஆள் ஒருவனும் கூட வந்தான். வெர்டியும் ஓமாவும் மேலே கூட்டிப்போனார்கள். ஹோபர்ட் பாதிவழிப் பாறையில் உட்கார்ந்திருந்தார். உச்சியில் புல்டோசர் உழுத மண்மேல் முள்ளும் சிறு மரக்கன்றுகளும் மண்டியிருந்தன. வெர்டி ஒவ்வொரு கல்லாகக் காட்டி, "இது மாமனாரு. இது அவரு தங்கச்சி. இது என் பொண்ணு" என்றாள். கம்பெனி ஆள் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, மலையில கல்லு கெடக்கறத நான் எப்படி எடுத்துக்கறது? ஒரு எழுத்தாவது இருக்கா?" எழுத்து இருந்த ஒரே கல் தாத்தாவுடையது. அது நூற்றைம்பதடி கீழே சரிவில் கவிழ்ந்து கிடந்தது.

விசாரணை டிசம்பரில், நீதிமன்றக் கட்டடத்து மாடியில், காலை பத்து மணிக்கு. ஊரிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். வெர்டி தேவாலயத்துக்குப் போகிற நீலக் கவுனைப் போட்டிருந்தாள். முதலில் ஓமா பேசினாள். பதினாலு குழி என்று ஆரம்பித்து, விரல்விட்டு எண்ணியபோது பன்னிரண்டில் நின்று தடுமாறினாள். வெர்டி தடுமாறாமல் பேசினாள். பிறகு ஹோபர்ட் எழுந்து, தன் அப்பாவும் மகளும் அங்கே கிடப்பதாகச் சத்தியம் செய்து சொன்னார்.

கம்பெனி வக்கீல் நரைத்த மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு உறையிலிருந்து பெரிய புகைப்படம் ஒன்றை எடுத்தார். அந்தக் காலத்தில் படம் போட்டவர்கள் கையோடு கொண்டுபோன புகைப்படங்களை அரசாங்கக் கிடங்கு ஒன்றில் இன்னும் வைத்திருக்கிறார்களாம். பிரதி கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ஹெல்மர்னு ஒருத்தர உங்களுக்குத் தெரியுமா மிஸ்டர் ரேமி?"

ஹோபர்ட்டின் கை முன்னாலிருந்த மேசையைப் பிடித்தது. "தெரியும்."

"இது பின்பக்கத்துல அவர் எழுதினது. படிக்கறேன். 'ரேமி முகடு, உச்சியில் மரக்கூட்டம். கல்லறையோ என்று கேட்டேன். இல்லை, வெறும் மரம் என்கிறார் வழிகாட்டி ஹோபர்ட் ரேமி. இங்கேயே பிறந்தவர், இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஏறவில்லை.' செப்டம்பர் இருபத்தஞ்சு, 1953." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஹோபர்ட் ரேமி நீங்கதானா?"

அறையில் யாரோ இருமினார்கள். ஹோபர்ட் வக்கீலைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்டியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"நாந்தான்."

"அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"பொண்ணப் பொதச்சு ரெண்டு மாசம்கூட ஆகல" என்றார். தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்சம் குடித்துவிட்டு, "ஏற முடியல. சொன்னா ஏறணும். அதனால சொல்லல. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

வக்கீல் புகைப்படத்தை உறைக்குள் வைத்தார். "நான் வருத்தப்படறேன் மிஸ்டர் ரேமி. நிஜமாவே. ஆனா அன்னிக்கி உங்களுக்கு எந்த லாபமும் இல்லாதப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கி வேற சொல்றீங்க. இந்த அதிகாரிங்க எத நம்பறது?"

ஹோபர்ட் தண்ணீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது ஹோபர்ட் காரை ஓட்டினார். ஓடைப் பாலம் தாண்டிய பிறகு, வெர்டி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"முதுகு வலின்னு நெனச்சேன்."

"முதுகும் வலிக்கும்."

"முப்பத்தோரு வருசம் தனியா ஏறினேன் ஹோபர்ட். ஒவ்வொரு வருசமும் மேல நின்னு, பாவம் மனுசன், வரணும்னு ஆசைதான், முதுகு விடலன்னு நெவாகிட்ட சொல்லிட்டு வருவேன்." கொஞ்சம் கழித்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் ஹோபர்ட்.

பிப்ரவரியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எலும்பு ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இரண்டு மாடி உயர இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு முப்பது வருடத்துக்கு முன் புதைத்த குழந்தையின் எலும்பு எப்படித் தென்படும் என்று ஓமா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. டன்லவி மட்டும் வீட்டுக்கே வந்து, வேலை மார்ச் இருபதுக்கு மேல்தான் தொடங்கும், அதற்குள் எடுத்து வேறிடம் மாற்றுவதானால் மாற்றலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை காலையில் ஹோபர்ட் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு ஏறினார். வெர்டி முன்னால் போனாள். கரித்தூசி படிந்த நுரையீரலோடு அவர் பத்தடிக்கு ஒருதரம் நின்றார். உச்சியை அடைய ஒன்றரை மணி நேரமானது. வெர்டி தான் நிமிர்த்தி வைத்திருந்த வழவழப்பான கல்லைக் காட்டினாள். ஹோபர்ட் அதற்குக் கீழே தோண்டினார். நாலடி தோண்டியும் கைபடாத மஞ்சள் களிமண்தான் வந்தது. யாரும் எப்போதும் வெட்டாத மண். சுரங்கக்காரருக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

"இங்க இல்ல வெர்டி."

"கல்லு இங்கதான் கெடந்துச்சு. இல்ல, இன்னும் கொஞ்சம் அந்தண்டயா?" வெர்டி சுற்றிலும் பார்த்தாள். சீடர் மரங்கள் இருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியும். "உங்க அப்பாவுக்கு எடது பக்கம். அவர் கல்லே எங்க இருந்துச்சுன்னு இப்ப..."

ஹோபர்ட் இரண்டாவது குழி போட்டார். ஓரடியிலேயே மண் நிறம் மாறியது. இருட்டான, இளகின மண். மூன்றடியில் துருப்பிடித்த ஒரு ஆணியும், மக்கின பெரிய பலகைத் துண்டும் வந்தன. குழந்தைப் பெட்டியின் பலகை இல்லை அது. அவர் செய்த பெட்டி அவருக்குத் தெரியாதா? மண்டியிட்டபடியே கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு விசிலடித்தது.

வெர்டி வந்து அவர் தோளைத் தொட்டாள். "போதும். யாரையோ எழுப்பிட்டிருக்க."

ஆணியையும் பலகையையும் உள்ளே வைத்து மூடினார்கள். வேறிடத்தில் தோண்ட அவர் உடம்பில் தெம்பு இல்லை. ஓஹையோ பிள்ளைகளை வரச்சொல்லலாமா என்றாள் வெர்டி. வந்து எங்கே தோண்டுவார்கள் என்றார் அவர். அவள் கற்களையெல்லாம் ஒருதரம் தொட்டுவிட்டு இறங்கினாள்.

இருபத்தோராம் தேதி இரும்புக் கதவு போட்டுப் பாதையை அடைத்தார்கள். ஏப்ரலில் முதல் வெடி. அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு, வெடிக்கு முன்னால், சங்கு ஊதும். வெர்டி எழுந்து அலமாரியிலிருந்து தட்டுகளை இறக்கி மேசைமேல் வைப்பாள். வெடி அடங்கினதும் திரும்ப அடுக்குவாள். கிணற்றுத் தண்ணீர் சிவந்தது. தேவாலயத்துக் குழாயிலிருந்து இரண்டு பேரும் குடத்தில் பிடித்து வந்தார்கள். அவள் அவரோடு சண்டை போடவில்லை. சோளரொட்டி சுட்டாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், மருந்தை எடுத்துக் கொடுத்தாள். சண்டை போட்டால் தேவலை என்று ஹோபர்ட் அக்காவிடம் போய்ச் சொன்னார். ஓமா கேலி எதுவும் செய்யவில்லை. "என்னத்தடா செய்யச் சொல்ற" என்றாள்.

மே மாதக் கடைசி வந்தது. வெர்டி நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க போற?"

"தெரியல. பூ செஞ்சுட்டேன்."

ஹோபர்ட் பழைய காரை எடுத்தார். இரும்புக் கதவுவரை போனார்கள். காவலுக்கு நின்றவன் கோம்ப்ஸ் வீட்டுக்காரன்தான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கூடையைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றினான்.

"உள்ள விட முடியாது வெர்டி அத்தை. இன்னும் பத்து நிமிசத்துல வெடி. என்ன வேலய விட்டுத் தூக்கிடுவாங்க."

"நீ என்ன பண்ணுவ" என்றாள் வெர்டி. பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கதவுச் சங்கிலியில் சொருகினாள். பதினாலு பூ. கடைசியில் இரண்டு மூன்று நிற்காமல் கீழே விழுந்தன. ஹோபர்ட் குனிந்து எடுக்கப் போனார். சங்கு ஊதிவிட்டது. "கொஞ்சம் பின்னால போயிடுங்க, ஜன்னல ஏத்திக்கங்க" என்று காவல்காரன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார்கள். முதலில் தரை குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, அதற்கும் பிறகு மஞ்சள் தூசி சரிவில் மெல்ல இறங்கி வந்து கதவையும் பூக்களையும் மூடிக்கொண்டு காரின் முன்கண்ணாடியில் படிந்தது. ஹோபர்ட் வைப்பரைப் போட்டார். அது தூசியை இழுத்து அப்பியது. இன்னும் இரண்டு தடவை போய் வந்தது. நிறுத்திவிட்டார்.

வெர்டி காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் தெரியல" என்றார் ஹோபர்ட்.

"வண்டிய எடு" என்றாள் அவள். "மெதுவாப் போகலாம்."